பொட்டு வைத்த டிஸ்க்

10.02.2026 செவ்வாய்க்கிழமை காலை 10.40 மணிக்குக் காவல் நிலையத்தில் தானாக ஆஜரான அன்புக்கரசி, வயது 36, த/பெ அசோகன், குடியிருப்பு வாரிய அடுக்குமாடி, பெரும்பாக்கம், சென்னை என்பவர், உதவி ஆய்வாளர் செம்பியன் முன்னிலையில் சொல்ல, எழுத்தர் எழுதிய வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் என் தகப்பனாருடன் குடியிருந்து வருகிறேன். வீடு வீடாகச் சென்று கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதும், கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுப்பதும் என் தொழில். மயிலாப்பூர், மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் பகுதிகளில் எட்டு வருடமாகச் செய்து வருகிறேன். இதுவரை என் மேல் ஒரு புகாரும் வந்ததில்லை. இன்று என்னை யாரும் கூப்பிடவில்லை. மூன்று நாள் முன்பே வந்திருக்க வேண்டியவள், இன்றுதான் வந்திருக்கிறேன்.

இந்தப் புகாரில் விசாரிக்கப்படும் பாஞ்சாலி, வயது சுமார் 52, எங்கள் பிளாக்கில் நாலாவது மாடியில் இருக்கிறார். முன்பு நாங்கள் இரண்டு குடும்பமும் அடையாறு ஆற்றோரம் ஒரே வரிசையில் இருந்தோம். அங்கிருந்து எங்களை மாற்றியபோது ஒரே லாரியில்தான் சாமான் ஏற்றிப் பெரும்பாக்கம் போனோம். அவர் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் கல்யாணராமன், அவர் மனைவி சூடாமணி ஆகியோர் வீட்டில் பதினோரு வருடமாக வேலை செய்து வருகிறார். நானும் அவரும் ஒரே காலை பஸ்ஸில்தான் ஊருக்குள் வருவோம்.

பாஞ்சாலி அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் கல்யாணராமன் சார் அவருக்கு எதையும் எழுதி அனுப்ப மாட்டார், வாட்ஸப்பில் பேசித்தான் அனுப்புவார். அக்கா அதை பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி போடுவார். "பாஞ்சாலி, வர்றச்சே கறிவேப்பிலை வாங்கிண்டு வா. போன தடவை மாதிரி வாடினதா இருக்கப்படாது" என்று சார் பேசுவதைக் கேட்டு எங்கள் பஸ் கண்டக்டரே "இன்னிக்கு இன்னா லிஸ்ட்டு?" என்று கேட்கிற அளவுக்கு அந்தக் குரல் எங்களுக்குப் பழக்கம். அக்காவின் போனில் அடிக்கடி இடம் நிரம்பிவிடும். பழைய குரல் பதிவுகளை அழித்துவிடட்டுமா என்று நான் இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறேன். அதற்கு அக்கா, "அத்த மட்டும் தொடாத அன்பு. இத்த யாரு வாங்கியாரச் சொன்னதுன்னு மாமி சண்டைக்கு வந்தா, போட்டுக் காட்டுறதுக்கு வேணும்" என்றார்.

இதெல்லாம் இந்தப் புகாருக்குத் தேவையா என்று எழுத்தர் கேட்டார். தேவை என்று நான் சொன்னதன் பேரில் எழுதினார்.

அதன் பிறகு சென்ற வருடம் ஜூலை மாதம் சாருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரியவந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேச்சு வராது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் அவர் மகன் சாய்நாத், நோயாளியின் குரலை முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால், பிறகு அவர் தட்டச்சு செய்வதை அதே குரலில் பேசிக்காட்டும் மென்பொருள் ஒன்று இருப்பதாகச் சொல்லி ஏற்பாடு செய்தார். சார் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம் மைக் முன்னால் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் படித்துப் பதிவு செய்தார். அதை இன்டர்நெட்டிலும் ஒரு பிரதி ஏற்றி வைக்கும்படி சாய்நாத் சொன்னார். அடுத்தவர் குரலில் போன் செய்து ஏமாற்றும் செய்திகளைப் படித்திருந்த சார், "என் குரல் என் ஆத்துலயே இருக்கட்டும்" என்று சொல்லி மறுத்துவிட்டார். ஆகவே இருந்தது ஒரே டிஸ்கில் ஒரே பிரதி. நவம்பர் 12ஆம் தேதி அறுவை சிகிச்சை நடந்தது.

அந்த மென்பொருள் சார் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் ஓடவில்லை. புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் போட வேண்டியிருந்தது. யாரைக் கூப்பிடுவது என்று வீட்டில் பேசிக்கொண்டபோது பாஞ்சாலி அக்காதான், "எங்க பிளாக்குல ஒரு பொண்ணு கீது மாமி. கை சுத்தம், வேலையும் சுத்தம்" என்று சொல்லி என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். அந்த வீட்டுக்குள் நான் நுழைந்தது அவர் வாக்கை நம்பித்தான்.

அதன்படி 06.02.2026 வெள்ளிக்கிழமை காலை 10.30 மணிக்கு நான் அங்கே சென்றேன். அப்போது சூடாமணி அம்மாள் பாஞ்சாலியிடம், வேலை முடிகிற வரைக்கும் அந்த அறைப் பக்கம் போகக் கூடாது, எதையும் தொடக் கூடாது என்று இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு அக்கா கோபத்தில், "இத்தினி வருசமா தொட்டுத் தொடச்சது யாரு? ஒரு நாள் எல்லா ஒயரையும் புடுங்கிப் போட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன் பாரு" என்று சொன்னார். புகாரில் மிரட்டல் என்று சாய்நாத் எழுதியிருப்பது இதைத்தான். நானும் காதால் கேட்டேன். அக்கா இதைப் போல ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வார், எங்கள் பிளாக்கின் லிஃப்டைப் பார்த்தும் சொல்வார்.

சார் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கையில் குழந்தைகள் எழுதுகிற வெள்ளைப் பலகை ஒன்று வைத்திருந்தார். அவர் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை அதில் எழுதிக் காட்டினார். நான் பார்த்துக் குறித்துக்கொண்டேன். நான் கொண்டுபோன பென்டிரைவில் வேலையைத் தொடங்குவதற்கு வேண்டிய அளவு மட்டும்தான் இருக்கும். மற்றதெல்லாம் அப்போதைக்கப்போது இன்டர்நெட் வழியாக இறங்கி டிஸ்கில் ஏறும். முழுவதையும் முன்கூட்டியே எடுத்துப்போனால் அது நேற்றுப் பறித்த பூ மாதிரி, போட்டதும் மறுபடி புதுப்பிக்க வேண்டும் என்பதால் நான் எப்போதும் இந்த முறையில்தான் போடுவேன்.

அதன் பிறகு நான் சி.பி.யூ. பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரே கம்பெனி, ஒரே அளவில் இரண்டு டிஸ்க் அருகருகே இருந்தன. ஒன்றில் சாரின் குரல், மற்றது புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காக வாங்கியது என்று சாய்நாத் போனில் முன்பே சொல்லியிருந்தார். அழியக் கூடாத டிஸ்கின் இணைப்பை முதலில் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவது என் வழக்கம். கழற்றிவிட்டால் தவறிப்போய் எதை அழுத்தினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

இரண்டில் ஒரு டிஸ்கின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. இந்தப் பக்கத்து வீடுகளில் எந்தப் புதுச் சாமான் வாங்கினாலும், கீபோர்டாக இருந்தாலும் சரி, முதலில் சுவாமி முன்னால் வைத்துப் பொட்டு வைத்த பிறகுதான் என் கையில் கொடுப்பார்கள். அப்படிப் பொட்டு வைத்த சாமானை நூற்றுக்கணக்கில் மாட்டியிருக்கிறேன், விரலெல்லாம் குங்குமத்தோடு வீடு திரும்பியிருக்கிறேன். ஆயுத பூஜைக்குப் பழைய கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைப்பார்கள், ஆனால் அது பெட்டியின் வெளிப்பக்கம். ஆகவே உள்ளே பொட்டு வைத்திருப்பது புதியது, வெறுமையாக இருப்பது பழையது என்று நானே முடிவு செய்து, வெறுமையாக இருந்ததன் இணைப்பைக் கழற்றினேன்.

உண்மை நேர்மாறானது. அன்று பிற்பகல் சூடாமணி அம்மாள் அழுகையோடு சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். சரஸ்வதி பூஜையன்று குரல் இருந்த டிஸ்க் தனியாக வெளியில் இருந்திருக்கிறது. அதில் சாரின் பேச்சு இருக்கிறது என்பதால் அம்மாள் அதைப் புத்தகங்களுக்கு மேலே வைத்துப் பொட்டு வைத்திருக்கிறார். பொங்கலுக்கு வந்த சாய்நாத் இரண்டையும் பெட்டிக்குள் மாட்டியபோது புதியதற்கு யாரும் பொட்டு வைக்கவில்லை. அந்தக் குங்குமம் காய்ந்து வெளுத்திருந்தது. புதிதாக வைத்த பொட்டு அப்படி இருக்காது என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. "மாமி, இது எப்போ வெச்ச பொட்டு?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அம்மாள் பத்தடி தூரத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு கம்ப்யூட்டரை இயக்கினேன். டிஸ்கில் ஏற்கெனவே ஏதோ இருப்பதாகத் திரையில் ஒரு வரி வந்தது. சாய்நாத் வாங்கியதும் எதையாவது போட்டுச் சோதித்திருப்பார் என்று நினைத்துத் தாண்டிப் போனேன். பிறகு, இதில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரலாமா என்ற கேள்வி வந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் அந்தக் கேள்வியை நான் முழுவதும் படிப்பேன். இப்போதெல்லாம் விரல்தான் பதில் சொல்கிறது.

அந்த நேரத்தில் சார் மேஜையை இரண்டு முறை தட்டினார். பலகையை என் பக்கம் நீட்டினார். அதன் ஓரம் மட்டும் என் கண்ணில் பட்டது. வைஃபை பாஸ்வேர்டை மறுபடி காட்டுகிறார் என்று எண்ணி, திரும்பிப் பார்க்காமலே "எழுதிக்கிட்டேன் சார், கவலைப்படாதீங்க" என்று சொல்லி, ஆம் என்று அழுத்தினேன். அப்போது மணி 11.20. அதற்குப் பிறகு திரும்பிப் பார்த்தேன். பலகையில் "எந்த டிஸ்க்?" என்று எழுதியிருந்தது. "புதுசுதான் சார்" என்று சொன்னேன். சார் தலையாட்டிவிட்டுத் துண்டால் பலகையைத் துடைத்தார். அவருக்குத் திருப்தி. எனக்கும்தான்.

அதன் பிறகு ஆபரேட்டிங் சிஸ்டம் இன்டர்நெட் வழியாக இறங்கத் தொடங்கியது. சுமார் 12 மணிக்குத் திரையில் கோப்பு கிடைக்கவில்லை என்று வந்து வேலை நின்றது. நான் எழுந்து ஹாலுக்குப் போய்ப் பார்த்தேன். பாஞ்சாலி அக்கா தரை துடைப்பதற்காகச் சுவர் ஓரத்து ஸ்விட்சை அணைத்திருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு துடைக்கும்போது அந்த இடத்தில் அவருக்கு ஷாக் அடித்ததால், அணைத்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும் என்று சூடாமணி அம்மாளே கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறார். சொன்னபடி செய்தார், அவ்வளவுதான்.

அந்த ஸ்விட்சில் இருந்தது இன்டர்நெட் மோடம் மட்டுமே. கம்ப்யூட்டர் உள் அறையில் வேறு இணைப்பில் இருந்தது, ஒரு நிமிடம்கூட அணையவில்லை. இன்டர்நெட் போனால் இறங்குவது நிற்கும், திரும்ப வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதனால் எதுவும் அழியாது. நான் மோடத்தைப் போட்டுவிட்டு மீண்டும் முயல்க என்பதை அழுத்தினேன், தொடர்ந்தது. சாரின் குரலை அழித்தது அதற்கு நாற்பது நிமிடத்துக்கு முன்பு நான் அழுத்திய ஆம். இதைப் பெரிய எழுத்தில் எழுதும்படி கேட்டேன். அப்படி எழுத வழியில்லை என்று எழுத்தர் சொன்னார்.

1.15 மணிக்கு வேலை முடிந்தது. கழற்றி வைத்த டிஸ்கை மாட்டி, சார் குரலைப் போட்டுக் காட்டலாம் என்று சந்தோஷமாகத் திறந்தேன். காலியாக இருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தேன், அப்போதும் காலிதான். சூடாமணி அம்மாள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு சாய்நாத்துக்கு வீடியோ கால் போட்டார். சாய்நாத் என்ன நடந்தது என்று கேட்க, அம்மாள் அழுதுகொண்டே, நடுவில் பாஞ்சாலி ஸ்விட்சை அணைத்துவிட்டாள் என்று சொன்னார். சாய்நாத் என்னிடம், "ஏங்க, ஸ்விட்ச் ஆஃப் பண்ணதாலதானே போச்சு?" என்று கேட்டார்.

நான் "இருக்கலாம்" என்று சொன்னேன்.

எனக்கு வாய் அதிகம் என்று எங்கள் பிளாக்கில் பெயர். அன்று அந்த வாயிலிருந்து வந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதன் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், பாஞ்சாலி அக்கா துடைக்கும் துணியோடு வாசற்படியில் நின்று "நானா? நானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சார் பலகையில் "பாஞ்சாலி மேல் தப்பில்லை" என்று எழுதித் தூக்கிப் பிடித்தார். அம்மாள் கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தார், போன் மேஜையில் வேறு பக்கம் பார்த்தபடி இருந்தது. அதைப் படித்தது நான் ஒருத்திதான். படித்துவிட்டு என் பையைக் கட்டினேன்.

டிஸ்கை அம்மாளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு அன்று மாலையே தகவல் மீட்பு வேலை செய்கிற, எனக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டினேன். இந்த வகை டிஸ்கில் அழித்தால் திரும்பாது என்று இரண்டு பேரும் சொன்னார்கள். எனக்கும் அது முன்பே தெரியும். சனிக்கிழமை சாய்நாத் ஹைதராபாத்திலிருந்து வந்து, பாஞ்சாலி வேண்டுமென்றே செய்ததாகப் புகார் கொடுத்தார். சார் அதே வரியைப் பலகையில் மறுபடி எழுதி அவரிடம் காட்டியபோது, அப்பாவுக்கு இரக்க சுபாவம் என்று சொல்லிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை இங்கே அக்காவை விசாரித்து, அவர் போனை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பினீர்கள். திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. காலை பஸ்ஸில் நான் மட்டும் வந்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்து "இன்னா, இன்னிக்கு லிஸ்ட்டு இல்லியா?" என்று கேட்டார். சார் பேசி மூன்று மாதம் ஆகியும் அவர் அந்தக் கேள்வியை விடவில்லை. மாமி எழுதிக் கொடுக்கும் சீட்டை நான்தான் அக்காவுக்கு பஸ்ஸில் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை 6 மணிக்கு லிஃப்ட் ஓடாததால் படியில் ஏறிக்கொண்டிருந்தபோது பாஞ்சாலி அக்கா இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்பு, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். நெஜத்தச் சொல்லு. நான் அந்த ஸ்விட்ச்ச அமுக்கித்தான் சார் வாய அடைச்சுட்டேனா?" என்று கேட்டார். போலீசைப் பற்றியோ, வேலை போனதைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. "இல்லக்கா, நான்தான்" என்று நான் சொன்னேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். "என்னைய மாதிரி ஒருத்தின்னு நம்பி உள்ள கூட்டிக்கினு போனேனே" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார். அந்தப் படியிலேயே இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். இன்று இங்கே வந்ததற்குக் காரணம் அது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதையும் எழுதும்படி கேட்டேன்.

கடைசியாக ஒரு விஷயம். பாஞ்சாலியின் போன் உங்கள் அலமாரியில் இருக்கிறது. அதில் நான்கு வருடத்து வாய்ஸ் மெசேஜ்கள் இருக்கின்றன, குறைந்தது எண்ணூறு இருக்கும். எல்லாம் கல்யாணராமன் சாரின் குரல். பெரிய விஷயம் எதுவும் இருக்காது. கறிவேப்பிலை, பால், தோசை மாவு, வேளச்சேரியில் தண்ணீர் நிற்கிறது இன்றைக்கு வராதே, இப்படித்தான் இருக்கும். அந்த மென்பொருளுக்குக் குரல்தான் வேண்டும், கறிவேப்பிலை என்று சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. அது போதுமா என்று நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. சாரின் குரல் இந்த உலகத்தில் இத்தனை மீதி இருக்கிற இடம் அது ஒன்றுதான் என்று மட்டும் சொல்ல முடியும். ஆகவே அந்தப் போனில் யாரும் எதையும் அழிக்க வேண்டாம், இடம் இல்லை என்று அது கேட்டாலும் சரி என்று அழுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதில் கடைசி மெசேஜ் நவம்பர் 12ஆம் தேதி காலை வந்தது. பஸ்ஸில் நானும் கேட்டேன். "பாஞ்சாலி, நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிண்டிருக்கேன். இனிமே நான் பேசி அனுப்ப முடியாது. மாமி சீட்டுல எழுதித் தருவா. உங்க பிளாக்குல நம்பிக்கையா யாராவது இருந்தா அவாளப் படிச்சுக் காட்டச் சொல்லு" என்று சார் பேசியிருந்தார். அக்கா அப்போது என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் போனை நேராக சார் வீட்டுக்குக் கொடுத்துவிடலாமா என்று உதவி ஆய்வாளர் என்னைக் கேட்டார். கூடாது என்று சொன்னேன். அந்தக் குரல் பாஞ்சாலிக்கு அனுப்பப்பட்டது, அது அவருடையது. முதலில் அவர் கையில் கொடுக்க வேண்டும். அதன் பிறகு சாய்நாத் அவரிடம் போய்க் கேட்க வேண்டும். நாலாவது மாடி, லிஃப்ட் ஓடாது.

நான் சொல்லி எழுதப்பட்டதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். சாய்நாத் கேட்டதற்கு "தெரியவில்லை" என்று நான் பதில் சொன்னதாக ஓர் இடத்தில் எழுதியிருந்தது. எனக்குத் தெரியும். அதை அடித்துவிட்டு "இருக்கலாம்" என்று நான் சொன்ன வார்த்தையையே எழுதச் சொன்னேன், எழுதப்பட்டது. அந்தத் திருத்தத்தின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்ற அனைத்தும் நான் சொன்னபடியே உண்மையாக இருக்கிறது.

(ஒப்பம்) அ. அன்புக்கரசி

என் முன்னிலையில்,
(ஒப்பம்) செம்பியன், உதவி ஆய்வாளர்